நீட்டக் கூடாத விரல்

அவரோட சுண்டு விரலைத்தானே பாக்குறீங்க? பரவாயில்லக்கா, நல்லாவே பாருங்க. காட்பாடியில நீங்க ஏறினதுல இருந்து பாக்காத மாதிரியே பாத்துட்டு வரீங்க, அதை நானும் பாத்துட்டுத்தான் வரேன். ஆமா, மெட்டிதான். அந்தக் கையில ஒண்ணு, இந்தக் கையில ஒண்ணு. என்னோட மெட்டி. அவர் என் வீட்டுக்காரர். புத்திக்கெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லா இருக்கார். மோட்டார் பம்பு கம்பெனியில பர்ச்சேஸ் பாக்குறார்.

கழட்ட வரல. அவ்வளவுதான் விஷயம். எங்க வீட்டுல திறந்த மெட்டி போட மாட்டாங்க, முழு வளையம். ஏறினது ஏறிருச்சு, இறங்க மாட்டேங்குது. சோப்புப் போட்டுப் பாத்தோம், தேங்காய் எண்ணெய் போட்டுப் பாத்தோம். கோயம்புத்தூர் போனதும் ஆசாரிகிட்டதான் போகணும்.

தைக்கிறதா? அது ரிப்பன். ஷூவுக்குத் தைக்கிறார். எனக்கு ஊசி நூல் ஒத்து வராது, அவரே கத்துக்கிறேன்னு சொல்லிட்டார். ஏனுங்க, தையலை நிறுத்தாதீங்க, நாங்க சும்மா பேசிட்டு இருக்கோம். சேலம் வர்றதுக்குள்ள முடிச்சிருங்க. அதுக்கு முன்னாடி அக்காவுக்கு அந்த ஜன்னலைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க. இன்னும் கொஞ்சம். போதும். உக்காருங்க.

நான் பொதுவா வண்டியில யார்கிட்டயும் பேச மாட்டேங்க. காலேஜ்ல எம்.எஸ்சி. முடிக்கிற வரைக்கும் என் குரலைக் கேக்காத ஆளுங்க என் கிளாஸ்லயே உண்டு. ஆனா இதை யார்கிட்டயாவது சொல்லணும். நீங்க பாத்தா நியாயம் சொல்ற ஆளு மாதிரி இருக்கீங்க.

பாலே தெரியுமாக்கா? நுனிவிரல்ல நின்னு ஆடுவாங்களே, அது. அதுக்குன்னு தனி ஷூ இருக்கு. வெளியில பாத்தா ரோஸ் கலர்ல பட்டுத்துணி. நுனியைத் தட்டிப் பாத்தா மரம் மாதிரி சத்தம் வரும். உள்ளே துணியும் பேப்பரும் பசையும் சேத்து ஒட்டி, இறுகக் காய வெச்ச டப்பா. அந்த டப்பாவுக்குள்ள அஞ்சு விரலையும் நேரா நீட்டி வெச்சு, அது மேல நிக்கணும். நேரா. இந்த ஒரு வார்த்தையை மனசுல வெச்சுக்கோங்க. என் பிரச்சினை எல்லாம் அதுலதான்.

ஏன்னா எங்க அத்தைக்கு, அதான் இவரோட அம்மாவுக்கு, ஒரு கணக்கு உண்டு. கட்டை விரலைவிட பக்கத்து விரல் நீளமா இருக்கிற பொண்ணு புருஷனை அடக்கி ஆளுவா. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. எல்லாரும் கேள்விப்பட்டு, சிரிச்சிட்டு விட்டிருவாங்க. ராஜாமணி அத்தை விட மாட்டாங்க. பொண்ணு பாக்கப் போற இடத்துல எல்லாம், வெத்தலைத் தட்டுல இருந்து பாக்கைக் கீழே தவறவிட்டுட்டு, எடுக்குற சாக்குல குனிஞ்சு பாத்துட்டு வருவாங்க. அந்த ஒரு விரலால வேண்டாம்னு சொன்ன பொண்ணுங்க எங்க ஊருப்பக்கம் நிறையப் பேர் இருக்காங்க. நல்ல பொண்ணுங்க.

அத்தை ஆரம்பத்துல இவ்வளவு கெடுபிடி இல்லையாம். மூத்தவருக்கு, அதான் இவரோட அண்ணனுக்கு, பொண்ணு பாக்கப் போனப்போ அந்த ஷர்மிளாக்கா ஜலதோஷம்னு சாக்ஸ் போட்டிருந்தாங்களாம். அத்தையும் பாவம்னு விட்டுட்டாங்க. கல்யாணமாகி அடுத்த மாசமே மூத்தவர் சென்னைக்குத் தனிக்குடித்தனம் போயிட்டார். "சாக்ஸுல என்னை ஏமாத்திட்டா"ன்னு அத்தை இன்னைக்கும் சொல்லுவாங்க. அவங்க வீட்டுப் படியை மிதிச்சதே இல்ல. அதனால இளையவர் விஷயத்துல, அதாவது இவர் விஷயத்துல, ரொம்ப கவனம்.

இப்போ என் விரலைக் கேளுங்க. கொஞ்சநஞ்சம் இல்லைங்க. பாதி நகம் அளவுக்கு வெளியே நிக்கும். எங்கம்மா கலாமணி கணக்கு டீச்சர். தரகர் விஷயத்தைச் சொன்னதும் ராத்திரியெல்லாம் யோசிச்சாங்க. மறுநாள் மருதாணியை அரைச்சு, என் கட்டை விரலுக்கு மட்டும் நகத்தைத் தாண்டித் தாண்டி தொப்பி மாதிரி அப்பினாங்க. பக்கத்து விரலுக்கு வெக்கவே இல்ல. "இதை மடக்கிக்கோ. மடக்கிட்டே நட, மடக்கிட்டே காபி குடு, மடக்கிட்டே உக்காரு. மாப்பிள்ளை தங்கமான பையன், ஒரு விரலால போகக் கூடாது."

அன்னைக்கும் பாக்கு விழுந்துச்சு. அத்தை குனிஞ்சாங்க. நிமிந்தாங்க. "பொண்ணு அடக்கமா இருக்கா"ன்னு சொன்னாங்க. கல்யாணம் முடிவாயிருச்சு.

மடக்குன்னு சொன்னாங்களே தவிர, எப்போ நீட்டணும்னு யாருமே சொல்லலைக்கா. வீட்டுக்குள்ள செருப்பு போடக் கூடாது. அத்தைக்குக் கண்ணாடியும் கிடையாது, கண்ணு கழுகு மாதிரி. காலையில பல்லு தேய்க்கிறதுல இருந்து ராத்திரி பால் காய்ச்சுற வரைக்கும் மடக்கிக்கிட்டே நடப்பேன். கெண்டைக்காலெல்லாம் முறுக்கிக்கும். இவர் முன்னாடியும் அப்படித்தான். யாரு எங்கே போட்டுக் கொடுப்பாங்கன்னு தெரியாதே.

அப்பதான் சாய்பாபா காலனியில ஒரு டைல்ஸ் கடை மாடியில போர்டு பாத்தேன். பாலே வகுப்பு, வயசு வரம்பு இல்ல. எதுக்கு உள்ளே போனேன்னு எனக்கே தெரியல. ரொவீனா மிஸ்னு ஒருத்தங்க. சுத்தி எட்டு வயசு, ஒன்பது வயசுப் பிள்ளைங்க, நடுவுல நான். முதல் நாளே மிஸ் என் காலைப் பாத்துச் சொன்னாங்க: "விரலை நீட்டு. இன்னும் நீட்டு. இதுக்கு மேல முடியாதுங்கிற வரைக்கும் நீட்டு."

என் ஆயுசுல அந்த விரலைப் பத்தி யாரும் அப்படிச் சொன்னதில்லைங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பக்கத்துல இருந்த வாண்டு ஒண்ணு, "மிஸ், ஆன்ட்டி அழறாங்க"ன்னு கத்திருச்சு.

வீட்டுல இடுப்பு வலிக்கு எக்சர்சைஸ்னு சொன்னேன். அப்புறம் டான்ஸ்னு தெரிஞ்சப்பவும் அத்தை ஒண்ணும் சொல்லல. "கைய காலை நீட்டுறதுதானே, நீட்டிக்கோ"ன்னுட்டாங்க. எதை நீட்டுறேன்னு அவங்களுக்கு எங்கே தெரியும்? வாரத்துல மூணு சாயங்காலம் அங்கே நீட்டுவேன், திரும்பி வந்து வாசப்படியில செருப்பைக் கழட்டும்போது மடக்கிருவேன். இவர்தான் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வருவார். நான் வரச் சொன்னதில்ல. ஆட்டோவுல போனா தலை சுத்துதுன்னு ஒரு தடவை சொன்னேன், அதுல இருந்து அவரே வந்துருவார்.

ரெண்டு வருஷம் ஆச்சு. மிஸ்ஸுக்கு என் பாதத்தைப் பாத்து ஆச்சரியம். "இவ்வளவு பலம் எப்படி? முன்னாடி எங்கே பயிற்சி எடுத்தே?"ன்னு கேட்டாங்க. வீட்டுலதான் மிஸ்னு சொன்னேன். போன மாசம் கூப்பிட்டு, "நீ இனி பாயின்ட் ஷூ போடலாம்"னாங்க. நான் சொன்னேனே, அந்த நுனிவிரல் ஷூ. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலைக்கா. ஆனா ஒரு கண்டிஷன். ஆன்லைன்ல வாங்கவே கூடாது. பம்பாய்ல இருந்து பெர்சிஸ்னு ஒரு மேடம் வருஷத்துக்கு ஒரு தடவை சென்னைக்கு வருவாங்க, பெட்டி பெட்டியா ஷூவோட. அவங்க காலைத் தொட்டுப் பாத்துக் கொடுக்கிறதைத்தான் போடணும். பெருசா இருந்தா கால் உள்ளே வழுக்கி நகம் போயிரும். சின்னதா இருந்தா விரல் மடங்கும், மடங்கின விரல் மேல நின்னா எலும்பு போயிரும். "உனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. யாராவது பாத்தா அந்த ரெண்டாவது விரலை மடக்குற. ஷூவுக்குள்ள அது மடங்குதுன்னு தெரிஞ்சா அன்னைக்கோட பாயின்ட் கிடையாது"ன்னு சொல்லிட்டாங்க.

சரி, நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துரலாம்னு இருந்தோம். நான் இவரை லீவு போடச் சொல்லல. லீவு இருக்கான்னு கேட்டேன், அவ்வளவுதான். போட்டுட்டார். பையை எடுத்து வெச்சுட்டு இருக்கோம், அத்தை வந்து நிக்கிறாங்க.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சென்னைக்கும்மா. பாரதிக்கு ஷூ வாங்க"ன்னார் இவர்.

"செருப்பு வாங்கவா? நானில்லாமயா?"

எங்க வீட்டுல செருப்புன்னா அத்தைதான் அத்தாரிட்டி. யாருக்கு வாங்கினாலும் ஒரு விரல் விட்டுப் பாத்து, ஒரு சைஸ் பெருசா வாங்குவாங்க. கேட்டா, "கால் வளருமல்ல?" மாமாவுக்குக் கடைசியா அறுபது வயசுல வாங்கினப்பவும் அப்படித்தான். ஏனுங்க, உங்க ஷூவைக் கொஞ்சம் காட்டுங்க. பாத்தீங்களாக்கா? நுனியில பேப்பர் திணிச்சிருக்கார். அது அவர் காலேஜ்ல சேந்தப்போ வாங்கினது.

நான் இவரை ஒரு பார்வை பாத்தேன். இவர் அம்மாகிட்ட, "வெயிலு ஜாஸ்திம்மா, நீ எதுக்கு"ன்னார். "வெயிலுக்கு என்ன, சென்னையிலதான் அடிக்குதா?"ன்னுட்டு அத்தை புடவையை மடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நேத்து லாட்ஜ்ல தங்கினோம். மூத்தவர் வீடு பெருங்களத்தூர்ல இருக்கு. அந்தப் பேரைக் கேட்டாலே அத்தை முகத்தைத் திருப்பிக்குவாங்க.

இன்னைக்குக் காலையில போனோம். ஒரு டான்ஸ் ஸ்கூல் ஹால். வாசல்ல செருப்பைக் கழட்டி விட்டுட்டு உள்ளே போனா, அந்த பெர்சிஸ் மேடம் ஒரு குட்டி ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க. நரைச்ச தலை, கழுத்துல டேப், சுத்தி மலை மாதிரி ஷூ டப்பா. அவங்க இங்கிலீஷ்தான் பேசினாங்க, நான் தமிழ்ல சொல்றேன். அத்தைக்கு அதுல ஒரு வார்த்தை புரியாது. நான்தான் மாத்திச் சொல்லணும். அதுதான் எனக்கிருந்த ஒரே தைரியம்.

முதல் தகராறு மெட்டியில. "கால்ல இருக்கிற வளையத்தைக் கழட்டு"ன்னாங்க மேடம். இதை மாத்திச் சொல்லவே வேண்டியிருக்கல. அவங்க கையைக் காட்டினதுமே அத்தை எந்திரிச்சுட்டாங்க.

"மெட்டியக் கழட்டுறதா? புருஷன்காரன் எதுக்கால உசுரோட உக்காந்திருக்கான், கண்ணு தெரியலையா அந்தம்மாவுக்கு?"

"ஷூவுக்குள்ள அது இருந்தா விரலை அறுத்துரும்"னாங்க மேடம்.

"அந்த எடத்துல மட்டும் ஒரு ஓட்டை போடச் சொல்லு அம்முணி."

நான் கேட்டேன். மேடம் என்னைப் பாத்த பார்வை இருக்கே. அத்தை கொஞ்ச நேரம் மேல பாத்து யோசிச்சாங்க. அப்புறம் ஒரு தீர்ப்பு சொன்னாங்க. "மாட்டி விட்டவன் அவன். அவன்கிட்டயே இருந்தா கழட்டினதா ஆகாது. ஏண்டா, கையில புடிச்சா எங்காச்சும் போட்டுருவே. விரல்ல மாட்டு."

இது எந்த சாஸ்திரத்துல இருக்குன்னு கேக்காதீங்க. அத்தை சொன்னா அது சாஸ்திரம். இவரும் மாட்டிக்கிட்டார். அப்படித்தான் அது அங்கே போச்சு.

அப்புறம் ஷூ. ஒண்ணு போட்டாங்க. நான் விரலை மடக்கிட்டேன், அத்தை அவ்வளவு பக்கத்துல குனிஞ்சு பாத்துட்டு இருந்தா வேற என்ன பண்றது? மேடம் துணிக்கு மேல தடவிப் பாத்துட்டு, "உள்ளே யாரோ குந்த வெச்சு உக்காந்திருக்காங்களே"ன்னாங்க. வேற ஒண்ணு போட்டாங்க. அத்தை அந்தப் பக்கம் திரும்பின நேரம் பாத்து நீட்டினேன், ஷூ பத்தல. அத்தை இந்தப் பக்கம் திரும்பினாங்க, மடக்கினேன், ஷூ தொளதொளன்னு ஆயிருச்சு. மேடம் குதிகால்ல துணியைக் கிள்ளிப் பாக்குறாங்க. பின்னாடியே அத்தையும் கிள்ளிப் பாக்குறாங்க. "இன்னும் பெருசா எடுக்கச் சொல்லு, விரலே போக மாட்டேங்குது."

"என்ன சொல்றாங்க?"ன்னு மேடம் கேட்டாங்க.

"அழகா இருக்குன்னு சொல்றாங்க"ன்னேன்.

டப்பா டப்பாவா திறந்தாச்சு. தரையெல்லாம் பட்டு ஷூ. மேடத்துக்கு வேர்த்துப் போச்சு. "இத்தனை வருஷத்துல நிமிஷத்துக்கு ஒரு சைஸ் மாறுற காலை நான் பாத்ததே இல்ல"ன்னு சொல்லிட்டு, நெத்தியைத் துடைச்சுக்கிட்டுத் தரையைப் பாத்தாங்க. தரையில அத்தையோட கால் இருந்துச்சு.

அப்படியே நின்னுட்டாங்கக்கா. மெதுவா மண்டி போட்டாங்க. "தொடலாமா?"ன்னு கேட்டாங்க. அத்தை காலு எப்படின்னா, குட்டையா, அகலமா, அஞ்சு விரலும் கத்தியில நறுக்கின மாதிரி ஒரே மட்டம். மேடம் அதைத் தாங்கித் தாங்கிப் பாக்குறாங்க. இந்த ஆட்டத்துக்குன்னே கடவுள் செஞ்ச கால், எடை எல்லா விரல்லயும் சமமா இறங்கும், சின்ன வயசுலயே யாராவது கண்டுபிடிச்சிருந்தா இவங்க எங்கேயோ போயிருப்பாங்கன்னு ஒரே புகழ்ச்சி.

"என்னமோ சொல்றாளே, என்ன?"ன்னாங்க அத்தை.

"உங்க கால் நல்லா இருக்காம்."

"அத்தனை நேரம் பேசினா. அவ்வளவுதான் சொன்னாளா?"

வேற வழியில்லாம எல்லாத்தையும் சொன்னேன். அத்தை புடவையை லேசாத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, ரெண்டு காலையும் முன்னாடி நீட்டி, தன் காலைத் தானே பாத்துக்கிட்டாங்க. "எங்கப்பன் ஊட்டுல எல்லாருக்கும் இப்படித்தான்"னாங்க. எனக்கு வயித்தெரிச்சல். ரெண்டு வருஷம் கிளாஸ்ல சுவத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வேர்த்தது நானு.

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. மேடத்துக்கு ஒரு யோசனை வந்துருச்சு. "உன் காலுக்கு என்ன பிரச்சினைன்னு இவங்க காலை வெச்சே காட்டுறேன்"னு ஒரு வெள்ளைத் தாளைத் தரையில விரிச்சாங்க. அத்தை காலை எடுத்து அதுல வெச்சாங்க. அத்தை ஏதோ பரிசு வாங்குற மாதிரி கொடுத்தாங்க. என் காலை எடுத்துப் பக்கத்துல வெச்சாங்க. நான் மடக்கியிருக்கேன். மேடம் அந்த விரலோட முட்டியில அவங்க கட்டை விரலை வெச்சு அழுத்திட்டு, "நீட்டு"ன்னாங்க.

நீட்டினா வீடு போச்சு. மடக்கினா ஷூ போச்சு.

நான் முடிவு பண்ணலைக்கா, சத்தியமா. விரலே முடிவு பண்ணிருச்சு. ரெண்டு வருஷமா நீட்டுன்னு சொன்னா நீட்டிப் பழகின விரல். சடக்குன்னு நீண்டு, அந்த வெள்ளைத் தாள் மேல, அத்தை கால் பக்கத்துல போய் நின்னுச்சு.

மேடம் சந்தோஷமா, "ஆங்! இதுதான்!"னு பென்சிலை எடுத்து அது நுனியில ஒரு கோடு வேற போட்டாங்க.

அத்தை கோட்டைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மறுபடியும் கோட்டைப் பாத்தாங்க.

"அம்முணி. அந்த விரல் எப்ப இருந்து இப்படி?"

மேடம் அதையெல்லாம் கவனிக்கல. சரியான ஷூ இப்போ தெரிஞ்சு போச்சுன்னு ஒரு டப்பாவை எடுத்து எனக்கு மாட்டி விட்டுட்டு, இவரைக் கூப்பிட்டு, ரிப்பன் எங்கே தைக்கணும்னு குறிக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. குதிகால் துணியை முன்னாடி மடிச்சா எங்கே மூலை விழுதோ அங்கே குறிக்கணும். இவர் மண்டி போட்டு உக்காந்து, என் குதிகாலை உள்ளங்கையில ஏந்திப் புடிச்சுக் குறிச்சுட்டு இருக்கார்.

அத்தையே ஒரு பதிலைக் கண்டுபிடிச்சாங்க. "இந்த ஆட்டத்துக்குப் போயிப் போயித்தான் இழுத்துக்கிட்டு வந்துருச்சு. நீட்டு நீட்டுன்னா நீளாம என்ன பண்ணும்? போச்சாது, பயப்படாதே. அந்தம்மாகிட்ட இருக்கிறதுலயே சின்னதா, இறுக்கமா ஒண்ணு குடுக்கச் சொல்லு. போட்டுக்கிட்டே இருந்தா உள்ள போயிரும். ஊட்டுக்குப் போனதும் கிளாஸை நிறுத்திரலாம்."

அத்தை வாழ்க்கையில முதல் தடவையா சின்ன சைஸ் கேட்டாங்க, அதுவும் எனக்கு.

நான் ஆமான்னு சொல்லியிருக்கலாம். சொன்னா எங்கம்மா தப்பிச்சாங்க, நான் தப்பிச்சேன். ஆனா வகுப்பு போயிரும். அந்த மாடி, அந்தக் கம்பி, அந்த ஒரு மணி நேரம், எல்லாம் போயிரும். இல்லன்னு சொன்னா மருதாணியில இருந்து எல்லாத்தையும் சொல்லணும். நான் என்ன பண்ணுவேன்? இவரைப் பாத்தேன். சும்மாதான் பாத்தேன். எதுவும் சொல்லச் சொல்லல.

இவர் தலையை நிமித்தாமலே சொன்னார்: "அது நீளலம்மா. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான்."

"உனக்கெப்படிடா தெரியும்?"

"மெட்டி போட்டது நான்தானே. மடக்கி வெச்சுக்கிட்டா, ஏறவே இல்ல. ஐயர் வேற நேரமாச்சு நேரமாச்சுன்னார். நானே விரலை நீட்டி விட்டுத்தான் போட்டேன்."

நீங்களே சொல்லுங்கக்கா. அன்னைக்கே பாத்திருக்கார்! மூணு வருஷமா இவர் பக்கத்துல மடக்கிட்டே படுத்திருக்கேன், கெண்டைக்கால் புடிச்சுக்கிட்டு அழுதிருக்கேன், தைலம் தேச்சு விட்டிருக்கார், ஒரு வார்த்தை சொன்னாரா? ஏன் சொல்லலன்னு கேட்டா, "நீ மறைக்கணும்னு நினைச்சே, நான் எதுக்குக் குறுக்கே வரணும்"ங்கிறார். ஏனுங்க, அப்படித்தானே சொன்னீங்க? ம். தையுங்க.

நான் அத்தை கத்தப் போறாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டேன். சத்தமே வரல. திறந்து பாத்தா, அத்தை என் விரலைப் பாக்கல. இவரைப் பாத்துட்டு இருக்காங்க. மேல இருந்து கீழ வரைக்கும், நிதானமா. மண்டி போட்டிருக்கிறதை. என் காலைக் கையில ஏந்தியிருக்கிறதை. காதுல சொருகின பென்சிலை. ரெண்டு சுண்டு விரல்லயும் மெட்டியை.

அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டாங்க.

"இனி அந்த விரலை அளந்து நான் என்னத்தப் பண்ணப் போறேன்"னாங்க. "மூத்தவனாவது நின்னுட்டுத் தோத்தான்."

எதுல தோத்தார்? அதுதான் எனக்குப் புரியல. காலையில இருந்து யோசிச்சுட்டே வரேன். இவர்கிட்ட கேட்டா சிரிக்கிறார். நீங்களும் ஏன் சிரிக்கிறீங்க? இல்ல, நிஜமாவே கேக்குறேன். நான் இவரை அடக்குறேனா? நீங்க இவ்வளவு நேரமா பாக்குறீங்களே, ஒரு தடவையாவது குரலை உசத்தினேனா? என் குரல் உசரவே உசராதுங்க. ஏனுங்க, அந்த பிளாஸ்கை எடுங்க. அக்காவுக்கு முதல்ல. பாத்து, ஊசி குத்திரப் போகுது.

ஆனா என் வருத்தம் அது இல்ல. நான் சொல்ல வந்ததே வேற. அதுக்கப்புறம் நடந்தது.

மேடம், "எல்லாம் சரி, ஏறு"ன்னாங்க. சுவத்துல கம்பி இருந்துச்சு. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். அஞ்சு விரலும் உள்ளே நேரா. யாரும் குந்த வெச்சு உக்காரல. ஏறினேன்.

நின்னேங்க.

ரெண்டு வருஷம் நீட்டி, மூணு வருஷம் மடக்கி, கடைசியில நின்னுட்டேன். கண்ணாடியில என் தலை எப்பவும் இருக்கிற இடத்துல இல்ல, மேல இருந்துச்சு. யார்கிட்டயாவது காட்டணும்னு திரும்பிப் பாக்குறேன். அத்தை வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு, "மூத்தவன் ஊட்டுக்கு எந்த பஸ்ஸுடா?"ன்னு கேட்டுட்டு இருக்காங்க. "அவ விரலை நான் ஒழுங்காப் பாத்ததே இல்ல. சாக்ஸைத்தானே பாத்தேன். இதைப் பாத்ததுக்கப்புறம் அவளைப் போயி ஒரு எட்டு பாக்க வேண்டாமா?"ங்கிறாங்க. மேடம் அத்தை கால் செருப்புக்குள்ள போறதையே ஏக்கமாப் பாத்துட்டு இருக்காங்க. இவர் திரும்பி நின்னு அம்மாவுக்கு வழி சொல்லிக்கிட்டே மெட்டியை இழுத்துட்டு இருக்கார்.

ஒருத்தர் பாக்கல. ஒருத்தர்கூட. நான் இறங்கினப்புறம் இவர் திரும்பி, "என்ன பாரதி, போட்டுப் பாத்துட்டியா?"ங்கிறார்.

சொல்லுங்க. நியாயமா?

மத்தியானம் அத்தை போன் பண்ணினாங்க. அங்கேயே ரெண்டு நாள் இருந்துட்டு வராங்களாம். ஷர்மிளாக்கா மீன் குழம்பு வெச்சாங்களாம், நல்லா இருந்துச்சாம். விரலைப் பத்தி நானும் கேக்கல, அவங்களும் சொல்லல.

சேலம் வந்துருச்சா? வண்டி மெதுவா ஆகுதே. ஏனுங்க, முடிஞ்சுதா? முடிச்சுப் போட்டுக் கடிச்சு விடுங்க. காட்டுங்க. ம், இந்தத் தையல் கொஞ்சம் கோணல், பரவாயில்ல, வீட்டுல பிரிச்சுத் தைங்க.

இங்க கொஞ்ச நேரம் நிக்கும்லக்கா? மிஸ் இல்லாம நிக்கக் கூடாதுதான். ஒரே ஒரு நொடி. தரை அழுக்கு. ஏனுங்க, உங்க துண்டை எடுத்து விரிங்க. அது வேண்டாம், நல்ல துண்டு. மண்டி போட்டு உக்காருங்க, இடம் இருக்கு. அக்கா, நீங்க கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க. ரிப்பனைக் குறுக்கே கொண்டு வாங்க. இன்னும் இறுக்கமா. முடிச்சு உள்பக்கம். சார், ஒரு நிமிஷம், அந்தப் பக்கமாப் போங்க, இங்கே வேலை நடக்குது.

வண்டி நின்னுருச்சு. மேல் பெர்த் கம்பியைப் புடிச்சுக்கிறேன்.

சிரிக்காதீங்கக்கா. கண்ணை எடுக்காம காலைப் பாருங்க. ஏனுங்க, நீங்களும்தான். இந்தத் தடவை திரும்பாதீங்க.